திருப்புகழ் கற்க மெதுவாகும் பதிவு

திருப்புகழ் பாராயணம் பழக விழையும் அன்பர் பலருக்கு ஒலிப்பதிவே ஆசான். ஆயின் அருணகிரிநாதரின் சந்தம் விரைந்தோடுகையில், ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்கும் இடம் முதிய செவிக்குப் பிடிபடுவதில்லை. காதில் விழுந்தவாறே பாடினால் பதம் பிறழும், பொருளும் கெடும். வீட்டுப் பிள்ளைகளும் அப்பிழையையே கற்பர்.

‘ஆடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருள் இதற்குக் கைகொடுக்கிறது. கணினி பழகிய பேரக்குழந்தை ஒருமுறை காட்டினால் போதும். பாடலைத் திறந்து முழுவதும் தெரிவு செய்து, ‘எஃபெக்ட்’ பட்டியலில் ‘சேஞ்ச் டெம்போ’வை அழுத்தி, விழுக்காட்டை -25 என இடுக. 3 நிமிடப் பாடல் 4 நிமிடமாக நீளும்; சுருதியோ மாறாது. ஒலியை நுண்ணிய துணுக்குகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு மென்பொருள் கோத்துவிடுகிறது.

‘சேஞ்ச் ஸ்பீடு’ என்பது வேறு. கிராமபோன் தட்டு தளர்ந்து சுழன்றால் குரல் தடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதுவே இங்கும் நிகழும். வேகம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். உடன்பாட இயலாது.

டெம்போவையும் மிகக் குறைத்தால் மிருதங்கச் சொற்கள் இரட்டித்து ஒலிக்கும், குரல் நடுங்கும். அச்சுநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஓரடியை மட்டும் பன்முறை கேட்பதே நலம். வல்லினம் அழுந்துவதும் மெல்லினம் நெகிழ்வதும் அப்போதுதான் விளங்கும். அடி நாவில் படிந்தபின், மூலப்பதிவிலிருந்தே -15, பிறகு -10 எனப் புதிதாக அமைத்து வேகத்தைக் கூட்டுக. ஒவ்வொன்றையும் வேறு பெயரில் சேமிக்க. மூலம் அப்படியே இருக்கட்டும்.