தலைசுற்றல்: விழி தரும் சாட்சி

நோயாளியின் காதைக் குளிர்நீரால் கழுவியபோது தலை சுற்றியது. விழிகள் தாமாகவே ஒரு பக்கமாக வெட்டி ஆடின. வெந்நீருக்கு மறுபக்கம். வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி கவனித்த இந்த விந்தை, உட்காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் வழியானது. 1914க்கான நோபல் பரிசுச் செய்தி எட்டியபோது அவர் ரஷ்யர்களின் போர்க்கைதி.

சகுனம் பார்க்கும் இமைத் துடிப்பல்ல இது, விழியே ஆடுவது. படுக்கையில் புரண்டதும் அறை சுழல்கிறதா? பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துப் பயனில்லை. மருத்துவர் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார். சில விநாடி கழித்து விழி சுழன்றாடி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் காதுக்குள் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்களின் வேலை. தலையை முறைப்படி திருப்பியே அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடலாம். ஆனால் ஓயாத தலைசுற்றலில், பார்க்கும் பக்கத்துக்கேற்ப ஆட்டத்தின் திசை மாறினாலோ விழி மேலும் கீழுமாக ஆடினாலோ சந்தேகம் மூளைமீது. பக்கவாதமாக இருக்கலாம், முதல் நாள் ஸ்கேன் அதைத் தவறவிடுவதும் உண்டு.