நெஞ்சில் கோளாறா? டிரம்பெட்டில் ஓட்டையா?

பேண்டு கலைஞரின் பிழைப்பைக் கெடுத்த 'கார்க்' சிக்கியது!

சென்னை,-

"ஊத முடியவில்லை, நெஞ்சு போய்விட்டது" என்று ஒதுக்கப்பட்ட டிரம்பெட் கலைஞரின் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அவருடைய பழைய டிரம்பெட்டில்தான் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

வடசென்னையைச் சேர்ந்த இவருக்கு வயது 52. கல்யாண ஊர்வலங்களில் 30 வருடமாக ஊதி வருகிறார். கையில் இருப்பது மீரட்டில் செய்த பித்தளை டிரம்பெட். அண்ணன் வைத்துவிட்டுப் போனது.

சில மாதங்களாக எவ்வளவு தம் கட்டினாலும் சுரம் தாமதமாகவே எழும்பியது. பாதி நேரம் "புஸ்" என்று காற்றுதான் வந்தது. "உனக்கு வயசாச்சுப்பா. இனிமே டிரம் அடி" என்று சொல்லிவிட்டார் மாஸ்டர். டிரம்முக்குக் கூலி குறைவு. பயந்துபோய் எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரல் சுத்தம்!

துருவித் துருவி...

கடைசியில் வாத்தியம் ரிப்பேர் செய்யும் மேஸ்திரியிடம் போனார். அங்கே நடந்தது போலீஸ் விசாரணை மாதிரியே இருந்தது.

முதலில், இவருடைய மவுத்பீசை வேறு டிரம்பெட்டில் மாட்டி ஊதச் சொன்னார் மேஸ்திரி. கணீர் என்று கேட்டது. நெஞ்சும் விடுதலை, மவுத்பீசும் விடுதலை!

அடுத்து 3 பிஸ்டன்கள். "ஒரு பிஸ்டனை அழுத்தினா மட்டும் சுரம் கெட்டா, அதுதான் திருடன். உங்களுக்கு அழுத்தாமலே கெடுது" என்றார். பிஸ்டன்களை அழுத்தாமல், அவற்றின் குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்தார். "டப்... டப்" என்று கழன்றன. பிஸ்டனில் காற்று ஒழுகவில்லை என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி.

வாளியில் குமிழ்!

பிறகு பெரிய வளைகுழாயைக் கழற்றினார். வளைவு மட்டும் வாளித் தண்ணீரில் முங்கும்படி பிடித்து, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஊதினார். குபுகுபுவென்று குமிழ்கள்!

உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் சிறு மூடியின் அடியில் இருந்த கார்க் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. அந்த ஊசிமுனை இடைவெளியில்தான் காற்று தப்பி ஓடியிருக்கிறது.

"அண்ணே, உங்க நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. இத்தனூண்டு கார்க்குதான் உங்களைக் கவுத்துடுச்சு" என்று சிரித்தார் மேஸ்திரி. புதுக் கார்க் ஒட்டி, குழாயில் படிந்த பாசியையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்.

அவர் மேலும் கூறுகையில், "பழைய பித்தளையில செம்பு நிறப் புள்ளி தெரிஞ்சா உஷாரா இருக்கணும். உள்ளேயிருந்து துத்தநாகம் அரிச்சிட்டுதுன்னு அர்த்தம். அப்புறம் குழாயையே மாத்தணும்" என்றார்.

அடுத்த முகூர்த்தத்தில் கலைஞர் மீண்டும் முன்வரிசையில் நின்றார். "மாஸ்டர் ஒண்ணும் பேசல சார். டிரம் குச்சியை மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டார்" என்றார் அவர்.