கைக்குழந்தையும் கைப்பையும்

கைக்குழந்தையோடு பிரயாணம் கிளம்புகிறவளுக்கு எத்தனை சாமான் வேண்டும் என்று எப்போதாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தையின் எடை ஐந்து கிலோ என்றால் அதன் சாமான்களின் எடை பத்துக் கிலோ! பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுச் சட்டை அரை டஜன், துடைக்கத் துணி, டயபர், கிலுகிலுப்பை, வயிற்று வலிக்கு ஒரு மருந்து, சளிக்கு ஒரு மருந்து. இவை போதாதென்று, "எதற்கும் இருக்கட்டும்" என்று பாட்டி திணித்த பொட்டலம் ஒன்று.

ரயிலானால் கவலை இல்லை. பாதியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பாதியைத் தலைக்கு மேலே ஏற்றிவிடலாம். பஸ்ஸானால் கண்டக்டரிடம் இரண்டு வார்த்தை பேசிச் சமாளித்துவிடலாம். ஆகாய விமானத்தில்தான் சங்கடம். அங்கே தராசு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, பையை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே கண்ணும் இருக்கிறது.

"விமானமா? அது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் முதலிபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்கோ தொழிற்பேட்டையும், பின்னலாடைக் கலை கற்பிக்கும் கல்லூரியும் உள்ள ஊர். இந்த வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் தைக்கும் குழந்தைச் சட்டைகள் எத்தனையோ வருஷமாகக் கடல் கடந்து போகின்றன. இப்போது சட்டைகளோடு குழந்தைகளும் போகத் தொடங்கிவிட்டார்கள்! அப்பா ஷார்ஜாவில், சித்தப்பா சிங்கப்பூரில் என்று குடும்பங்கள் பரவியாகிவிட்டது. அந்த இரண்டு ஊர்களுக்கும் கோயம்புத்தூரிலிருந்தே நேரே விமானம் உண்டு. பேரனின் முகத்தைத் தாத்தா பார்க்க வேண்டுமானால் தாயும் சேயும் ஒருநாள் பீளமேடு விமான நிலையத்தின் வாசலில் நின்றே ஆக வேண்டும்.

பாலைக் குடித்துக் காட்டு!

இந்தக் கெடுபிடியெல்லாம் எப்போது முற்றியது தெரியுமா? 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கச் செய்திருந்த சதியை பிரிட்டிஷ் போலீசார் கண்டுபிடித்தார்கள். குளிர்பானப் புட்டியில் வெடிமருந்தை அடைத்து எடுத்துச் செல்வது சதிகாரர்களின் திட்டம்.

அன்று காலையே பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பைகள் தடை செய்யப்பட்டன. பாஸ்போர்ட், பணப்பை, அத்தியாவசிய மருந்து போன்ற சிலவற்றை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குழந்தையோடு வந்தவர்களுக்கு மாத்திரம் சிறிது சலுகை. அந்தப் பிரயாணத்துக்குப் போதுமான பால், குழந்தை உணவு, டயபர் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு புட்டியில் உள்ள பாலையும் கூட வருகிறவர் குடித்துக் காட்ட வேண்டும்! பிள்ளைக்கு வைத்திருந்த பாலை, அது பால்தான் என்று நிரூபிக்கத் தாயே ருசி பார்த்துக் காட்டும் காலமும் வந்தது.

சில மாதங்களில் தடை தளர்ந்து, இன்று நாம் அறிந்த விதி பிறந்தது. வெளிநாட்டுப் பிரயாணத்தில் தண்ணீர், எண்ணெய், ஷாம்பூ முதலிய திரவங்களைக் கையில் கொண்டுபோக வேண்டுமானால் 100 மில்லி அளவுக்கு மேற்படாத புட்டிகளில்தான் கொண்டுபோகலாம். எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: கணக்கு புட்டியின் அளவுக்குத்தான், உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. 200 மில்லி புட்டியில் அடியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருந்தாலும், அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். சில வெளிநாட்டு விமான நிலையங்களில் புதுவகை யந்திரங்கள் வந்து இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் வழியில் விமானம் மாறும் ஊரில் பழைய விதியே இருக்கலாமே!

தாய்க்கு என்ன சலுகை?

குழந்தையின் பாலும் உணவும் மருந்தும் 100 மில்லி விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பிரயாணத்துக்கு நியாயமாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துச் செல்லலாம். ஆனால் அவற்றைப் பையின் அடியில் ஒளித்து வைக்கக் கூடாது. நீங்களாகவே எடுத்து மேலே வைத்து, "இது குழந்தைக்கு" என்று சொல்லிவிட வேண்டும். கேட்கும் முன்பே காட்டுகிறவளிடம் சோதனை செய்பவர்களுக்கும் சந்தேகம் வராது.

நம் நாட்டில் விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு இலாகா, ஒரு பிரயாணிக்கு ஒரே கைப்பை என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. வெகுகாலம் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 2022 ஜனவரியில் அதைக் கண்டிப்பாக அமல் நடத்தச் சொன்னார்கள். 2024-ல் கெடுபிடி இன்னும் அதிகமாயிற்று. சாதாரண வகுப்புக்குக் கைப்பையின் எடை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது பொதுவான கணக்கு. வெளிநாட்டுக் கம்பெனிகளில் எடை சற்று வேறுபடும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஒரே பை என்றதும் மனம் தளர வேண்டாம். அதே உத்தரவில் விலக்குப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பெண்களின் தோள்பை, போர்வை, குடை, குழந்தை கூட வந்தால் வழியில் அது சாப்பிடுவதற்கான உணவு, அதைப் படுக்க வைக்கும் கூடை ஆகியவை அதில் அடக்கம். இது தெரியாமல், கவுண்டரில் யாரோ முகம் சுளித்ததும் பால் புட்டியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, நாலு மணி நேரம் பசித்து அழும் பிள்ளையோடு தவிக்கிறவர்கள் உண்டு. அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம்.

மாமியாரும் மருமகளும்

முதலிபாளையத்தில் ஒரு வீட்டில் ஷார்ஜா பிரயாணத்துக்குப் பை கட்டுகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம்.

"அம்மிணி, எண்ணெய்ப் புட்டிய எடுத்து வெச்சுட்டயா? தேய்ச்சுக் குளிக்க வெக்காட்டி பையனுக்குச் சூடு ஏறிக்கும்."

"அது பெரிய பெட்டில போகுதுங் அத்தை. கையில கொண்டுபோனா எடுத்துப் போட்டுருவாங்க."

"செரி, இந்தக் கொப்பரை?"

"அது எந்தப் பெட்டிலயும் ஆகாதுங். தீப்பிடிக்குமாம்!"

மருமகள் சொல்வது சரி. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறக் கூடியது. ஆகையால் அதற்குக் கைப்பையிலும் இடமில்லை, பெட்டியிலும் இடமில்லை. பவர் பேங்க், தனி பேட்டரி முதலியவற்றின் சங்கதி வேறு. அவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

பின் கைப்பையில் என்னதான் வைப்பது? பிரயாண நேரத்தோடு மூன்று மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். விமானம் தாமதித்தாலும் தாங்கும். அத்தனை நேரத்துக்கான டயபர், இரண்டு மாற்று உடை, உங்களுக்கும் ஒரு மாற்று ரவிக்கை, ஒரு மெல்லிய போர்வை. பால் பவுடர் கொடுக்கிற குழந்தையானால், வேளைக்கு ஒரு டப்பா என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரைச் சோதனை முடிந்த பிறகு உள்ளே கேட்டு வாங்கலாம். ஒரு கம்பளிச் சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு பருத்திப் பனியன் சட்டைகள் மேல். குளிர்ந்தால் போடலாம், புழுங்கினால் கழற்றலாம். இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

குழந்தைக்கென்று தனிப் பாஸ்போர்ட் வேண்டும். உள்நாட்டுப் பிரயாணமானால் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கையோடு இருக்கட்டும்.

சோதனை வாசலில்

2006 டிசம்பரில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் ஒரு பாட்டி, ஒரு மாதப் பேரனைச் சாமான் வைக்கும் பிளாஸ்டிக் தட்டில் படுக்க வைத்து, எக்ஸ்ரே யந்திரத்துக்குள் அனுப்பிவிட்டாள்! யந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு, குழந்தையை வெளியே எடுத்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, ஆபத்தில்லை என்றார்கள். பாவம், அந்தப் பாட்டிக்கு விதி தெரியாது, பாஷையும் சரியாகத் தெரியாது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் இது நேரக் கூடியதே.

ஆகவே நினைவிருக்கட்டும்: தள்ளுவண்டியும் கூடையும் பையும் யந்திரத்துக்குள் போகும். குழந்தை உங்கள் கையில் வரும். பெண்களைப் பெண் காவலரே திரை மறைவில் சோதிப்பார். அவசரப்படுத்துகிறார்களே என்று பதற வேண்டியதில்லை.

வானத்தில்

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுகிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம். குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. காது வலிக்கும், வீறிடும். அந்த நேரத்தில் பால் கொடுங்கள். சப்பி விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் திறந்து வலி குறையும். முக்கியமாக இறங்கும் சமயத்துக்கு ஒரு வேளைப் பாலை மீத்து வையுங்கள். சளியும் காது வலியும் இருக்கிற குழந்தையை டாக்டரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியிலேயே போகலாம். உங்கள் பெல்ட்டோடு மாட்டும் சிறு பெல்ட் கேட்டால் தருவார்கள். உங்களையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டால் சுற்றிக் கட்டக் கூடாது. அதிர்ச்சியில் உங்கள் பாரம் குழந்தையை நசுக்கிவிடும். 1989 ஜூலை 19-ந் தேதி அமெரிக்காவில் ஸூ ஸிட்டியில் ஒரு விமானம் விபத்துக்குள்ளானபோது, அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அன்றைய வழக்கப்படி அவர்களைத் தரையில் வைக்கச் சொன்னார்கள். மூவர் பிழைத்தனர், ஒரு குழந்தை இறந்தது. அப்படிச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன், குழந்தைக்கும் தனி ஆசனம் வேண்டும் என்று பின்னர் பல்லாண்டு போராடினார். வசதி உள்ளவர்கள், தனி ஆசனமும் அதற்கேற்ற குழந்தை நாற்காலியும் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது.

ஒரு தாயின் நஷ்டம்

கடைசியாக ஒன்று. 2016-ல் அமெரிக்கத் தாய் ஒருத்தி, எட்டு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு உத்தியோக நிமித்தமாகச் சுற்றுப்பயணம் வந்தாள். தினமும் தாய்ப்பாலை எடுத்துப் பத்திரப்படுத்தி, ஏறக்குறைய 15 லிட்டர் சேர்த்திருந்தாள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அத்தனையும் பறிபோயிற்று. குழந்தை கூட இல்லை என்பதால் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் உழைப்பு, எத்தனை வேளை உணவு! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்றைய விதிப்படி, குழந்தை கூட இல்லாவிட்டாலும் தாய்ப்பாலைக் கையில் கொண்டுபோகலாம். பிரிட்டனில் கைப்பையில் கொண்டுபோகும் பால் உறைந்து கட்டியாக இருக்கக் கூடாது.

விதிகள் ஊருக்கு ஊர் வேறு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிக்கெட் வாங்கிய அன்றே அந்தக் கம்பெனியின் விதியைப் படித்து, குழந்தை சம்பந்தமான பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். "இதோ, உங்கள் விதியே அனுமதிக்கிறது" என்று தாழ்ந்த குரலில் நீட்டினால் போதும். அந்தத் தாள் கையில் இருக்கும் தாய் கெஞ்சவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம்.