பெருக்கும் வற்றும் அறிந்து தங்குவோர்

கூடாரம் என்றதும் நம்மில் பலருக்கு இடம்பெயர்ந்த நாட்களே நினைவுக்கு வரும். அவுஸ்திரேலியாவிலோ பல குடும்பங்கள் மாதக்கணக்கில் விரும்பியே அப்படி வாழப் புறப்படுகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தாங்கி எல்லாம் அடங்கிய 'கரவன்' என்ற சிறு வீட்டை வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்கிறார்கள்.

அவர்கள் நாடிச் செல்லும் இடங்களில் ஒன்று மேற்கு அவுஸ்திரேலியாவின் எண்பது மைல் கடற்கரை. பெயர் அப்படியானாலும் அதன் நீளம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். போர்ட் ஹெட்லண்ட், புரூம் என்ற இரு பட்டினங்களுக்கு இடையே, ஆளரவம் குறைந்த பகுதியில் அது அமைந்துள்ளது.

நமது கரைகளில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. புரூமில் அது 9 மீற்றரையும் தாண்டும்; ஓர் இளம் பனையின் உயரம் என்று சொல்லலாம். அப்பகுதியில் கரையோரக் கடல் அகன்றும் ஆழங்குறைந்தும் இருப்பது இதற்கு ஒரு காரணம். எண்பது மைல் கடற்கரை மிகவும் தட்டையானது. ஆகவே வற்றின்போது கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் பின்வாங்கும். ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் மீண்டும் ஏறிவிடும். ஒவ்வொரு நாளும் பெருக்கு சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது மேலும் உயரும்.

ஆகையால் அங்கே தங்குவோர் முதலில் பார்ப்பது பெருக்கு அட்டவணையைத்தான். கரவனை மணற்திட்டிகளுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். மணலில் வாகனம் ஓட்டுவதானால் சக்கரங்களில் காற்றைக் குறைத்து, கடல் திரும்புமுன் மேலேறிவிட வேண்டும். ஈரமணலில் புதைந்த வாகனத்துக்காகக் கடல் காத்திராது.

பெருக்கின்போது எஞ்சும் ஒடுங்கிய மணற்பட்டி மனிதருக்கு மட்டும் உரியதன்று. சைபீரியா போன்ற வடதிசைப் பகுதிகளிலிருந்து வரும் கரைப்பறவைகள், வற்றில் சேற்றுப் புழுவும் நண்டும் தின்று, பெருக்கில் அங்கேதான் இளைப்பாறுகின்றன. வாகனங்கள் அவற்றை ஓயாமல் கலைத்தால், திரும்பிப் பறப்பதற்காக உடலில் சேர்த்த கொழுப்பு வீணாகும். ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மணலில்தான். ஆழமான சக்கரத் தடங்களில் விழுந்த குஞ்சுகள் கடலை அடைவது கடினம்.

இந்தக் கரைக்கு உரிய மக்களும் உண்டு. நியாங்குமார்த்தா, கராஜாரி ஆகிய ஆதிக்குடிகள் பன்னெடுங்காலமாக அந்த நிலத்தோடும் கடலோடும் வாழ்பவர்கள். கராஜாரி மக்களின் பூர்வீக நில உரிமையை 2002, 2004 ஆம் ஆண்டுகளிலும், நியாங்குமார்த்தா மக்களின் உரிமையை 2009 இலும் சமஷ்டி நீதிமன்றம் ஏற்றது. நீதிமன்றம் அவர்களுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. முன்பே இருந்த உரிமையையே அங்கீகரித்தது. 2013 இல் அக்கடற்பகுதி கடற்பூங்காவாக்கப்பட்டபோது, அதன் பராமரிப்பில் அவர்களும் பங்காளிகளாயினர்.

கரவனில் வந்தவர் சில நாட்களில் அதைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஓரிடத்தில் தங்குவதற்கும் அந்த இடத்துக்கு உரியவராய் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.