கல்லான கடலும் கரைந்த எலும்பும்

இராட்சதப் பிராணிகளின் கதை என்றால், அது ஏதோ அமெரிக்கப் பாலைவனத்துக் கதை என்றே நம்மவரில் பலர் எண்ணுகிறார்கள். முடிச்சூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் சிலருடன் புறப்பட்ட நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. தாம்பரத்தில் காலை ரயிலேறி, அரியலூரில் இறங்கி, வாரணவாசி கிராமத்திலுள்ள புதைபடிவக் காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பினோம்.

அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலாயிருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே ஏறியும் இறங்கியும் விளையாடிற்று. "இந்தப் பொட்டல் காட்டிலா கடல்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூர்த் தெருக்களில் படகு போன கதையை வீட்டார் சொல்லக் கேட்டவள் அவள். நீர் தன் இடத்தை மாற்றிக்கொள்ளும் என்று அவளுக்கு விளக்குவது கடினமாயில்லை.

அக்கடல் விட்டுப்போன சொத்துக்களில் தலையானது அம்மோனைட். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட இதன் ஓட்டைப் பார்த்தால் நத்தையென்று தோன்றும். உண்மையில் இது கணவாயின் உறவு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் அகப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவியது. அவை முட்டைகளல்ல, கடற்படிவங்களே என்று நிலவியலார் தெளிவுபடுத்தினர்.

எனினும் மெய்யான டைனோசரும் இம்மண்ணில் உலவியதுண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு இந்திய நிலவியலார் 1987-ல் உலகுக்கு அறிவித்தனர். 'புருஹத்காயோசாரஸ்' என்பது அவர்கள் இட்ட பெயர். பேருடல் பல்லி என்று பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அப்பிராணியை, நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்று பின்னர் வந்த அறிஞர்கள் கொண்டனர். உலகில் நடந்த நிலவிலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் அது ஒன்றாயிருக்கலாம்.

"அந்த எலும்பு எங்கே, ஐயா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதை எந்தக் காட்சிச்சாலையிலும் காண முடியாது. நொறுங்கும் தன்மையுள்ள அந்த எலும்புகள் மழையீரத்தில் சிதைந்து மண்ணாய்ப் போயின என்று 2017-ல் தெரியவந்தது. எஞ்சியிருந்த பழைய புகைப்படங்கள் சில 2022-ல் வெளியாயின. ஏழு கோடி ஆண்டு நிலத்தடியில் பத்திரமாயிருந்த பொருள், நம் கைக்கு வந்தபின் அழிந்தது!

பாரிஸ் சாந்தில் தோய்த்த கோணித்துணியை எலும்பின்மேல் சுற்றி உறையவிட்டு, பிறகே பெயர்த்தெடுப்பது உலக வழக்கம். வேண்டியது சிறிது பணமும், தக்க சமயத்தில் வந்து சேரும் ஆட்களும்தான்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. அக்கல்லிலே பழங்கடலின் சிப்பிகள் நிறைந்திருக்கின்றன. சுரங்கம் வெட்டுவதால்தான் பல படிவங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. வெட்டும் வேகத்தில் பல தூளாகியும் போகின்றன. வீடு கட்டச் சிமெண்ட் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளியும், ஓடையோரத்து உழவரும், ஊர்ப்பள்ளி ஆசிரியரும் படிவத்தை இனங்காணப் பழகிவிட்டால், விசித்திரமான கல் ஒன்று தென்பட்டவுடன் அதைப் பெயர்க்காமல் நிலவியலாருக்குச் சொல்லியனுப்ப முடியும். அடுத்த எலும்பு அகப்படும்போதாவது, மழை வருமுன் மனிதர் போய்ச் சேரவேண்டும்.