டே கேர் வாசலில் சானிடைசர் மட்டும் போதுமா?

ஹைதராபாத் குகட்பள்ளியில், ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் காலையில் பிள்ளையை டே கேரில் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வாசலில் சானிடைசர் பாட்டிலைப் பார்த்தாலே நமக்கு நிம்மதி. ஆனால் மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளிடையே பரவும் கை-கால்-வாய் நோயில் அந்தப் பாட்டிலை நம்பி இருக்க முடியாது.

காக்சாக்கி முதலான என்டெரோவைரஸ்களால் வருவது இது. 2022இல் கேரளத்தின் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டதும் பெரும்பாலும் இதன் ஒரு வடிவமே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை உண்டு. ஆல்கஹால் பட்டதும் அது சிதையும். என்டெரோவைரஸுக்கு அந்த உறை இல்லாததால் அது சானிடைசருக்கு எளிதில் அடங்காது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பிள்ளை தெளிந்துவிடும். மலத்திலோ வைரஸ் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைப்பது அவசியம், ஆனால் அது பாதி வேலைதான். டயப்பர் மாற்றும் இடம் சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி இருக்கிறதா, அருகிலேயே குழாயும் சோப்பும் உண்டா, டயப்பர் மாற்றிய ஆயா கை கழுவிய பிறகுதான் பால் புட்டியைத் தொடுகிறாரா என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. வாயில் வைக்கும் பொம்மைகளையும் தினமும் சோப்பால் கழுவ வேண்டும்.

காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பும் பழக்கத்தை நாம் விட வேண்டும். லீவு கிடைக்காத தவிப்பு புரிகிறது. ஆனாலும் மதியத்துக்குள் மருந்தின் வேகம் தணிந்து காய்ச்சல் திரும்பிவிடும், அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம். வயிற்றுப்போக்கு என்றால், நின்று 48 மணி நேரம் கழித்து.

கை-கால்-வாய் நோய் வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. வாய்ப்புண்ணால் தண்ணீரே குடிக்காமல் சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளைக் காலை பிள்ளையை விடும்போது, டயப்பர் மாற்றும் இடத்தை ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.