சுற்றுகிறது, ஆனால் சுடவில்லை!

மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்ஸி போயிருந்தேன். வெளியே ஒரே பனி. கொடி கட்ட வழியில்லை. குழந்தைத் துணிகளுக்கு டிரையர்தான் கதி. ஒருநாள் அது முக்கால் மணி நேரம் சுற்றியும் துணியெல்லாம் ஈரமாகவே வந்தது. "நல்லாத்தானே சுத்துது, ஏம்மா சூடே இல்லை?" என்றாள் மகள்.

மாப்பிள்ளை விளக்கினார். அங்கே மின்சார டிரையர்களில் பெரும்பாலும் மோட்டாருக்கு 120 வோல்ட், சூடேற்றும் கம்பிச்சுருளுக்கு 240 வோல்ட். இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் போனாலும் மோட்டார் ஓடலாம், சூடு வராது. பிரேக்கரை முழுக்க அணைத்துப் போட்டார். பலனில்லை.

பிளக்கைப் பிடுங்கி, மெஷினை நகர்த்தி, பின்னால் வெப்பக் காற்று வெளியேறும் குழாயைக் கழற்றினால், அடேயப்பா! ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு! வலையைத்தான் மகள் தவறாமல் சுத்தம் செய்வாள். வலைக்குத் தப்பியதெல்லாம் குழாயில் சேர்ந்திருக்கிறது.

அதை எடுத்த பிறகும் சூடு வரவில்லை. மெக்கானிக் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. காற்று அடைபட்டு சூடு மிஞ்சியதால், அது தான் போய் மெஷினைக் காத்திருக்கிறது! "குழாய் அடைப்பை விட்டிருந்தால் புது ஃபியூஸும் போயிருக்கும். அந்தப் பஞ்சில் தீப்பிடிப்பதும் உண்டு" என்றார். பக்கத்து அறையில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டிரையர் வைத்திருக்கும் சகோதரிகளே! ஒவ்வொரு தடவையும் வலையைச் சுத்தம் செய்யுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது குழாயையும் பாருங்கள். துணி உலர வழக்கத்தைவிட நேரமானால் அதுதான் முதல் எச்சரிக்கை. ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.